விமானத்தை நிறுத்தி வைத்தால் போதுமா?

போர் விமானம் என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது எது? ஊசி போன்ற மூக்கும் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகளும் கொண்டு, ஒலியையும் முந்திப் பாயும் ஜெட் விமானமாகத்தான் இருக்கும். பொருட்காட்சிகளிலும் சாலைச் சந்திப்புகளிலும் கம்பத்தின் மேல் நிறுத்தி வைக்கப்படுபவை பெரும்பாலும் அவையே. ஆனால் நம் நாட்டின் மிக விரைவான ரயில் வண்டி எட்டும் வேகத்துக்கு மேல் போகாமல், போர்க்களத்தின் மீது மெல்ல வட்டமிட்டுக்கொண்டிருந்த விமானங்களும் உண்டு. அவற்றின் தொழில் குண்டு போடுவது அன்று, பார்ப்பது. பார்த்ததைச் சொல்வது. இவற்றை நோட்ட விமானங்கள் என்று அழைக்கலாம்.

அத்தகைய விமானம் ஒன்றையும் அதை ஓட்டியவர்களையும் நினைவில் வைத்திருப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். 'பழைய விமானத்துக்கு வண்ணம் பூசி நிறுத்தினால் தீர்ந்தது' என்று பலர் எண்ணுகிறார்கள். அது பாதி வேலைகூட அன்று என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

வேட்டை நாய் என்னும் விமானம்

அமெரிக்காவின் செஸ்னா நிறுவனம் தயாரித்த எல்-19 என்ற விமானம் 1949 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்தது. பின்னாளில் ஓ-1 என்று அதன் குறியீட்டை மாற்றினார்கள். அதற்கு வைத்த பெயர் 'பேர்டு டாக்'. புதரில் பதுங்கியிருக்கும் பறவையை மோப்பம் பிடித்து வேடனுக்குக் காட்டிக்கொடுக்கும் வேட்டை நாய்க்கு ஆங்கிலத்தில் அப்படிப் பெயர். நாய் சுடுவதில்லை, சுட வேண்டிய இடத்தைக் காட்டுகிறது. விமானத்தின் தொழிலும் அதுவே.

1950களில் கொரியப் போரிலும், 1960களிலும் 70களிலும் வியட்நாம் போரிலும் இது பறந்தது. மொத்தம் 3,400க்கு மேல் செய்தார்கள். இறக்கையின் நீளம் முனைக்கு முனை 11 மீட்டர். வெற்று விமானத்தின் எடை சுமார் 730 கிலோகிராம், அதாவது ஒரு சிறிய காரின் எடைதான். எஞ்சினின் திறன் 213 குதிரைத்திறன். ஒருவர் பின் ஒருவராக இருவர் அமரலாம்.

இதன் உடலமைப்பில் ஒவ்வோர் அங்கமும் 'பார்ப்பதற்காக' என்று சொல்லும். இறக்கை தலைக்கு மேலே இருக்கிறது. ஆகவே கீழே பார்ப்பதை அது மறைப்பதில்லை. பக்கச் சன்னல்கள் வெளிப்புறமாகச் சாய்ந்திருப்பதால் நேர் கீழே எட்டிப் பார்க்கலாம். பறக்கும்போதே அவற்றைத் திறக்கலாம். தலைக்கு மேலும் கண்ணாடிப் பலகைகள் உண்டு.

மெதுவாகப் போவதும் ஒரு திறமை

ஜெட் விமானம் இருக்க, இந்த மெதுவான விமானம் எதற்கு? நீங்கள் படிக்கும் இயற்பியலே இதற்கு விடை சொல்லும்.

ரயிலில் போகும்போது பக்கத்துக் கம்பங்கள் விர்ரென்று ஓடுகின்றன. தொலைவில் நிற்கும் பனை மரங்கள் மெல்ல நகர்கின்றன. நம் கண்ணுக்கு முக்கியமானது பொருள் எத்தனை மீட்டர் நகர்ந்தது என்பதன்று, எத்தனை பாகை நகர்ந்தது என்பதே. நேர் கீழே உள்ள நிலத்தின் கோணத் திசைவேகத்தைக் காண, விமானத்தின் வேகத்தை அதன் உயரத்தால் வகுத்தால் போதும்.

உயரம் 300 மீட்டர் என்று கொள்வோம். நமது நோட்ட விமானத்தின் வேகம் மணிக்கு 160 கி.மீ., அதாவது நொடிக்கு 44 மீட்டர். வகுத்தால் நொடிக்கு 0.15 ரேடியன், ஏறத்தாழ எட்டரைப் பாகை. மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் செல்லும் ஜெட் விமானத்துக்கு நொடிக்கு 222 மீட்டர். வகுத்தால் 0.74 ரேடியன், ஏறத்தாழ 42 பாகை.

இந்த எண்களை உங்கள் கையாலேயே அளந்து பார்க்கலாம். கையை முழுதும் நீட்டினால் கட்டைவிரலின் அகலம் கண்ணுக்குச் சுமார் இரண்டு பாகை. விரித்த சாண் சுமார் இருபது பாகை. நோட்ட விமானத்திலிருந்து பார்த்தால் நிலம் நொடிக்கு நான்கு கட்டைவிரல் அகலம் நகரும். ஜெட் விமானத்திலிருந்து பார்த்தால் நொடிக்கு இரண்டு சாண் ஓடும். மரத்தடியில் நிற்பது மாட்டு வண்டியா, பீரங்கியா என்று எதில் இருந்து கண்டுபிடிக்க முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

திரும்புவதும் அப்படித்தான். ஒரே அளவு சாய்ந்து திரும்பும் இரு விமானங்களில், வட்டத்தின் ஆரம் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 45 பாகை சாய்ந்து திரும்பினால் நோட்ட விமானத்துக்கு 200 மீட்டர் ஆரம் போதும். ஜெட் விமானத்துக்கு 5 கிலோமீட்டர் வேண்டும். ஒரு சிற்றூரையே கண்ணில் வைத்துக்கொண்டு சுற்ற முடிவது முதலாவதற்குத்தான்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. மெதுவாகவும் தாழ்வாகவும் பறப்பவரைக் கீழே இருப்பவர் எளிதாகச் சுடலாம். நன்றாகப் பார்க்க வேண்டுமானால் நன்றாகப் பார்க்கப்படவும் வேண்டும். இந்தப் பேரத்தில் விமானிகள் வைத்த பணயம் தங்கள் உயிர்.

கண்ணாடியில் ஒரு புள்ளி

காட்டின் மேல் வட்டமிடும் விமானி ஓர் அடையாளத்தைக் கண்டால், அந்த இடத்தருகே புகை கக்கும் சிறு ராக்கெட்டை எய்வார். வெண்புகை எழும். பிறகு வானொலியில், 'புகையிலிருந்து வடக்கே நூறு மீட்டர்' என்பது போல ஜெட் விமானிகளுக்குச் சொல்வார். கணித வகுப்பில் நீங்கள் வரையும் ஆய அச்சுகளுக்கு ஆதிப்புள்ளி வேண்டும் அல்லவா? அந்தப் புகைதான் ஆதிப்புள்ளி. இதற்கிடையே தரையில் உள்ள படையோடும், மேலே வரும் ஜெட் விமானங்களோடும், தம் தளத்தோடும் வெவ்வேறு வானொலிகளில் அவர் பேச வேண்டும்; விமானத்தையும் ஓட்ட வேண்டும்; வரைபடத்தையும் பார்க்க வேண்டும். கேட்ட எண்களைக் குறித்துக்கொள்ளத் தாள் தேட நேரமின்றிச் சன்னல் கண்ணாடியிலேயே மெழுகுப் பென்சிலால் எழுதிக்கொள்வார்கள்.

ராக்கெட்டைக் குறி பார்ப்பதற்குப் பல விமானிகள் செய்த உபாயம் இன்னும் எளிது. முன் கண்ணாடியில் அதே மெழுகுப் பென்சிலால் ஓர் அடையாளம் இட்டுக்கொண்டார்கள். புள்ளியும் இலக்கும் ஒன்றாகத் தெரியும்போது எய்ய வேண்டும், அவ்வளவே.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'இடமாறு தோற்றப் பிழை' என்று ஆய்வகத்தில் உங்களுக்குச் சொல்லித் தருகிறார்களே, அதுதான். புள்ளி கண்ணிலிருந்து 60 செ.மீ. தொலைவில் இருக்கிறது. தலை 3 செ.மீ. விலகினால் இருபதில் ஒரு பங்கு பிழை. 600 மீட்டருக்கு அப்பால் அது 30 மீட்டராகிவிடும். நம்பாவிட்டால் வகுப்பறைச் சன்னல் கண்ணாடியில் ஒரு புள்ளி வைத்து, தொலைவிலுள்ள தென்னை ஒன்றோடு பொருத்திப் பாருங்கள். பிறகு உங்களைவிட உயரமான நண்பரை அதே இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். அவருக்குத் தென்னை புள்ளியில் இருக்காது.

ஆக, அந்தப் புள்ளி ஒரு குறிப்பிட்ட மனிதருக்கு உரியது. அவருடைய உயரத்துக்கும், அவர் அமரும் விதத்துக்கும் உரியது. அவர் இல்லாவிட்டால் அது வெறும் அழுக்கு. பழைய விமானத்தைப் புதுப்பிக்க முனைபவர் முதலில் கண்ணாடியைத்தானே துடைப்பார்? பார்ப்பவர் இல்லாத நோட்ட விமானம், கண் இல்லாத மூக்குக் கண்ணாடி போன்றது. விமானத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மனிதர்களின் கதை

ஹில்லியார்டு வில்பேங்க்ஸ் என்பவர் அமெரிக்க விமானப்படைக் கேப்டன். 1967 பிப்ரவரி 24 அன்று தென் வியட்நாமின் தலாத் நகருக்கு அருகே பறந்துகொண்டிருந்தார். கீழே தென் வியட்நாம் படைப்பிரிவு ஒன்று, தன்னை எதிர்நோக்கிப் பலர் பதுங்கியிருப்பது அறியாமல் முன்னேறிக்கொண்டிருந்தது. மேலிருந்து அதைக் கண்டவர் அவர். எச்சரித்தார், புகை ராக்கெட்டுகளை எய்தார். அவை தீர்ந்துவிட்டன. ஜெட் விமானங்கள் வந்து சேரவில்லை. தம்மிடம் இருந்த ரைஃபிளைச் சன்னல் வழியே நீட்டிச் சுட்டவாறு தாழப் பறந்து, எதிரிகளின் கவனத்தைத் தம் பக்கம் திருப்பினார். மூன்றாவது முறை பறந்தபோது குண்டடிபட்டு விமானம் வீழ்ந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் உயிர் பிரிந்தது. அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருது அவர் மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது.

இன்னொரு கதை முடிவில் சற்று மகிழ்ச்சி தருவது. 1975 ஏப்ரல் இறுதி. சைகோன் நகரம் வீழும் தறுவாயில் இருந்தது. தென் வியட்நாம் விமானப்படை மேஜர் புவாங் லீ, மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் இருவர் அமரும் இந்த விமானத்தில் ஏற்றிக்கொண்டு கடலின் மேல் பறந்தார். 'மிட்வே' என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலைக் கண்டு வட்டமிட்டார். வானொலித் தொடர்பு இல்லை. ஒரு மணி நேரத்துக்கே எரிபொருள் இருப்பதாகவும், தளத்தில் இடம் செய்து தரும்படியும் ஒரு சீட்டு எழுதிக் கப்பலின் மேல் போட்டார். முதலில் போட்டவை தவறின. பிறகு ஒன்று சேர்ந்தது.

கப்பலின் தலைவர் லாரன்ஸ் சேம்பர்ஸ் ஒரு முடிவெடுத்தார். தளத்தை அடைத்துக்கொண்டிருந்த ஹெலிகாப்டர்களைக் கடலில் தள்ளச் சொன்னார். விலைமதிப்புள்ள அரசுச் சொத்து. தமக்குத் தண்டனை கிடைக்கக்கூடும் என்றும் அவருக்குத் தெரியும். விமானங்களைப் பிடித்து நிறுத்தும் கம்பிவடங்களையும் அகற்றச் செய்தார். ஏனெனில் இந்தச் சிறு விமானத்தில் அவற்றைப் பற்றும் கொக்கி கிடையாது, சக்கரம் தடுக்கிவிடும். கப்பலைக் காற்றை எதிர்த்து மணிக்கு 46 கி.மீ. வேகத்தில் செலுத்தினார்கள். விமானம் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் இறங்குகிறது என்று கொண்டால், கப்பலைப் பொறுத்த வேகம் 64 கி.மீ.தான். எதிர்க்காற்றின் வேகத்தையும் கழித்தால் அது இன்னும் குறையும். சார்புத் திசைவேகம் தேர்வில் மதிப்பெண் தருவது மட்டுமன்று. அன்று ஏழு உயிர்களைக் காத்தது. விமானம் தளத்திலேயே உருண்டு நின்றது. அந்த விமானம் இன்று புளோரிடா மாநிலத்தின் பென்சகோலா நகரில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்றாவது கதை மறைக்கப்பட்ட ஒன்று. வியட்நாமை அடுத்த லாவோஸ் நாட்டின் மேலும் அமெரிக்க விமானிகள் 1960களின் பிற்பாதி முதல் இதே விமானத்தில் பறந்தார்கள். சீருடை இல்லை, சாதாரண உடை. அவர்கள் அங்கே இருப்பதையே அரசு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவில்லை. 'அண்டங்காக்கைகள்' என்பது அவர்களுக்கு வழங்கிய மறைபெயர். இத்தகைய வரலாற்றில் பெரும்பகுதி விமானத்தின் தகட்டில் எழுதியிருக்காது. பறந்தவர்களின் நாவில்தான் இருக்கும். 1970இல் இருபத்தைந்து வயதில் பறந்தவர் இன்று எண்பதை ஒட்டிய முதியவர். அலுமினியம் காத்திருக்கும், அவர் காத்திருப்பாரா?

கீழே இருந்து பார்த்தவர்கள்

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். 'இது கொலைக் கருவிக்குத் துணை போன விமானம்தானே? இதற்கு எதற்கு நினைவகம்?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

வியட்நாமிய மக்கள் இந்த விமானத்தைக் 'கிழவி' என்ற பொருளில் அழைத்தார்கள். அதன் மெதுவான இரைச்சல் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். காட்டில் பதுங்கியிருந்த படையினர் பல வேளைகளில் அதைச் சுடாமல் விட்டார்கள். சுட்டால் தாங்கள் இருக்கும் இடம் தெரிந்துவிடும். பின்னாலேயே ஜெட் விமானங்கள் வரும். தானே பெரிதாக ஒன்றும் செய்யாத ஒரு விமானத்தை ஒரு நாடே அஞ்சியது, அது 'பார்த்துவிடும்' என்பதனால்.

லாவோஸ் மீது 1964 முதல் 1973 வரை 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான குண்டுகள் போடப்பட்டன. அவற்றில் வெடிக்காமல் புதைந்தவை இன்றும் வயல்களில் கிடக்கின்றன. உழுபவர்களையும் விளையாடும் சிறுவர்களையும் இன்றும் ஊனப்படுத்துகின்றன. இந்த உண்மை இல்லாத நினைவகம் பாதி நினைவகம். ஆகவே, விமானத்தை அழிப்பது இதற்கு விடை ஆகாது. மேலிருந்து பார்த்தவரின் சொல்லோடு, கீழிருந்து பார்த்தவரின் சொல்லையும் அதன் பக்கத்தில் வைப்பதே விடை. சோதனையில் ஒரே அளவீட்டை நம்பக் கூடாது என்று நாம் கற்கிறோம். வரலாற்றுக்கும் அது பொருந்தும். வீரத்தையும் மறக்க வேண்டாம். அந்த வீரம் எதற்குப் பயன்பட்டது என்பதையும் மறைக்க வேண்டாம்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, கூரை. கம்பத்தின் மேல் விமானத்தை ஏற்றிவிட்டால் அது மரியாதை என்று நினைக்கிறோம். உண்மையில் அது மெல்லக் கொல்லும் தண்டனை. தூய அலுமினியத்தின் மேல் உருவாகும் ஆக்சைடு படலம் அதைக் காக்கும். ஆனால் விமானங்களில் பயன்படுவது செம்பு கலந்த உலோகக்கலவை. அரிப்பைத் தாங்கும் வலிமை அதற்குக் குறைவு. அதோடு எஃகு ஆணிகள் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் மழைநீர் தேங்கினால், அங்கே ஒரு சிறு மின்கலமே உண்டாகி அலுமினியம் கரையத் தொடங்கும். வெளியே வண்ணம் பளபளக்கும். உள்ளே தகடு பொடியும்.

இரண்டாவது, துடைப்பதற்கு முன் பதிவு செய்தல். கண்ணாடியில் எழுத்து, தகட்டில் ஒட்டுப் போட்ட குண்டுத் துளை, தேய்ந்த கைப்பிடி ஆகிய ஒவ்வொன்றும் சான்று. புதுமெருகு ஏற்றும் ஆர்வத்தில் சான்றை அழித்துவிட்டால் மீண்டும் கிடைக்காது.

மூன்றாவது, பறப்பதா, நிற்பதா என்ற முடிவு. இந்த விமானங்களில் சில இன்னும் தனியாரிடம் பறக்கின்றன. மிதவை விமானங்களை இழுத்துச் செல்லவும் பயன்பட்டிருக்கின்றன. பறந்தால்தான் அதன் ஒலியும் அதிர்வும் தெரியும் என்பது உண்மை. ஆனால் பறக்கப் பறக்க உறுப்புகள் தேயும், மாற்ற வேண்டிவரும், கடைசியில் பெயர் மட்டுமே பழையதாக மிஞ்சும். ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டவற்றில் சில பறக்கட்டும். புவாங் லீ இறங்கிய விமானம் போல ஒன்றே ஒன்றாக உள்ளது அசையாமல் இருக்கட்டும்.

நான்காவதும் தலையாயதும், குரல். பறந்தவர்களிடமும், பழுது பார்த்தவர்களிடமும், கீழே வாழ்ந்தவர்களிடமும் கேட்டு ஒலிப்பதிவு செய்ய வேண்டும். 'எப்படி இருந்தது?' என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. 'கண்ணாடியில் எங்கே புள்ளி வைத்தீர்கள்? எப்படி அமர்ந்தீர்கள்? எந்த வானொலியை முதலில் கேட்பீர்கள்?' என்று கேட்க வேண்டும். நுணுக்கமான கேள்விக்குத்தான் உண்மையான விடை வரும்.

இது வேற்று நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். பெங்களூரின் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 'கிருஷக்' என்ற நோட்ட விமானத்தைச் செய்தது. 1959இல் முதன்முதலில் பறந்தது. சுமார் எழுபது செய்தார்கள். பெயரின் பொருள் உழவன். அதன் எஞ்சின், நாம் மேலே கண்ட விமானத்தின் எஞ்சின் வகையைச் சேர்ந்ததே. பீரங்கிப் படை அதிகாரிகளே அதை ஓட்டி, குண்டு விழும் இடத்தை மேலிருந்து பார்த்துத் திருத்தம் சொன்னார்கள். பிறகு அந்த வேலையை ஹெலிகாப்டர்கள் ஏற்றுக்கொண்டன. இன்று ஆளில்லா விமானங்கள் ஏற்றுவருகின்றன. ஜெட் விமானத்தைத் தெரிந்த நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு 'உழவனை'த் தெரியும்?

ஆளில்லா விமானத்தின் காலத்தில் இந்த நினைவு இன்னும் தேவைப்படுகிறது. அன்று பார்த்தவர், தாம் பார்த்த இடத்தின் மேலேயே தம் உடலோடு இருந்தார். கீழே நடந்ததற்கு அவர் கண்சாட்சி. இன்று பார்ப்பவர் ஆயிரம் கிலோமீட்டர் அப்பால் திரைமுன் அமர்ந்திருக்கலாம். எது மேல், எது கீழ் என்று தீர்ப்பளிக்கும் முன், பழைய முறை எப்படி இருந்தது என்றாவது நாளைய பொறியாளர்களான நீங்கள் அறிந்திருக்க வேண்டாமா?

உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ராணுவத்தினர், விமானப்படை மெக்கானிக், வானொலி இயக்குநர் யாராவது இருக்கக்கூடும். அடுத்த விடுமுறையில் ஒரு குறிப்பேட்டோடு போய்ப் பாருங்கள். அவர் இயக்கிய கருவியின் படத்தை அவரையே வரையச் சொல்லுங்கள். எந்த விசையைத் திருப்பினால் என்ன ஆகும், எது அடிக்கடி பழுதாகும், இருட்டில் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேளுங்கள். விடைகளைத் தேதியோடு எழுதி, அவரிடமே படித்துக்காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பேடு உங்கள் பள்ளி நூலகத்தில் இருக்கட்டும்.